சோதனைக்குழாயில் பச்சை

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்க எல்லோருக்கும் பயம். என் தங்கையை என் கொழுந்தனுக்கே அவசரமாகக் கட்டிவைத்துவிட அத்தை முடிவு செய்துவிட்டாள். அத்தை என் அப்பாவின் தங்கை. எனக்கு மாமியாரும் அவள்தான். சொந்தம் விட்டுப் போகக் கூடாதாம்!

எனக்கோ அதில் இஷ்டமில்லை. என் மூன்று வயது மகனுக்கு அடிக்கடி வலிப்பு வரும், பேச்சும் இல்லை. கிரகணத்தன்று நான் வாசலுக்குப் போனதுதான் காரணம் என்று அத்தை தீர்ப்பே எழுதிவிட்டாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்னொரு முறைக் கல்யாணத்திலும் இப்படி ஒரு பிள்ளை பிறந்து இறந்திருந்தது. அடுத்தது என் தங்கைக்கா?

கிள்ளானில் ஒரு டாக்டர், பிள்ளையின் செம்பட்டை முடியைப் பார்த்தார், துணியை முகர்ந்தார். எலி நாற்றம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் எதிலோ படித்திருக்கிறாராம். "காலையில மூத்திரம் பிடிச்சுக் கொண்டாங்க. ஒரு மருந்து ஊத்திப் பாக்கணும். பச்சையானா இது பரம்பரையா வர்றது."

மறுநாள் காலை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, எங்கள் வீடிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறினோம். பாட்டிலை அத்தைதான் மடியில் வைத்திருந்தாள். டாக்டர் மூத்திரத்தைச் சோதனைக்குழாயில் ஊற்றி, மருந்தை விட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சை இல்லை, சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கியது.

"என்னம்மா கலந்தீங்க?"

"துணைக்கு இருக்கட்டும்னு கொஞ்சம் திருநீறு போட்டேன்," என்றாள் அத்தை, பெருமையாக.

எனக்கு வந்த கோபத்தில் அவளை ரயில் பாதையில் தள்ளியிருப்பேன்! டாக்டர் சிரித்துவிட்டார். மருந்து இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. பயலை அங்கேயே கொல்லையில் உட்காரவைத்து, தண்ணீர் புகட்டி, நானும் அத்தையும் மாறி மாறி "ஸ்ஸ்ஸ்" என்றோம். வீட்டில் பாயெல்லாம் நனைக்கிறவன், அன்றைக்கென்று அழுத்தமாக இருந்தான். ஒருவழியாகப் பெய்தான். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மருந்து விழுந்தது. பச்சை! நல்ல கரும்பச்சை!

"கிரகணமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர். "தாய், தகப்பன் ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். சொந்தத்துல கட்டினா அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி."

அத்தை குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்ப சின்னவனுக்கு வேற எடம் பாக்கறேன்டி," என்றாள்.

தங்கை தப்பித்தாள்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டேன்: "இவனுக்கு என்ன மருந்து டாக்டர்?"

"இன்னும் யாரும் கண்டுபிடிக்கலம்மா."

அத்தை என் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் என் அப்பன் வீட்டு ரத்தம்டி," என்று அழுதாள்.