பாலத்துக்கு அடியில் இரண்டாவது டிரம்

நான் டிரம் அடித்தால் செத்தவனும் எழுந்து இடது காலை முதலில் எடுத்து வைப்பான். சிரிக்காதீர்கள். பட்டாளத்து பேண்டு வாத்தியக் குழுவில் வருஷக் கணக்காகப் பெரிய டிரம் சுமந்த இந்த வயிற்றின் மீது சத்தியம். இது நடந்தது.

2006, சுதந்திர தினம். அவிநாசி பக்கம் ஒரு பனியன் கம்பெனி. வேலையாட்கள் பட்டாளம் மாதிரி அணிவகுத்துப் போய்க் கொடியேற்ற வேண்டுமென்று முதலாளிக்கு ஆசை. டிரம்முக்கு என்னைப் பிடித்தார். முன்னால் கட்டளை போட்டது சூப்பர்வைசர் மாரிச்செல்வம், மதுரைக்காரன். பின்னால் நூறு பெண்கள். நான் ஆயிரம் என்றுதான் சொல்வேன். தையல் மெஷின் மிதித்த கால்கள், தாளம் தப்பாது.

வழியில் பழைய கல்பாலம். பட்டாளத்தில் ஒரு விதி உண்டு. பாலம் வந்தால் டிரம் நிற்கும்; அவரவர் இஷ்டத்துக்கு நடப்பார்கள். அத்தனை காலும் ஒன்றாக விழுந்தால் பாலம் ஆடும். விழவும் விழும்.

"பாலம் வருதுங்க கண்ணு. நிறுத்திக்கறேன்."

"என்ன பெருசு, பாலம் என்ன அப்பளமா? மொதலாளி பாக்குறாரு. அடிங்க!"

அடித்தேன்.

டம்... டம்...

நடுப்பாலம். காலடியில் கல் முனகியது. கீழே தண்ணீர் இல்லை. வெறும் மணல்.

டம்...

டும்...

அது என் அடி இல்லை. என் கோல் அந்தரத்தில் இருந்தது.

டும்... கீழேயிருந்து. அரைத்தாளம் தள்ளி.

கால்கள் குழம்பின. வரிசை சிதறியது. மாரிச்செல்வம் மண்டியிட்டு விழுந்தான்.

முனகல் நின்றது.

"வேணும்னே கெடுத்துட்டீங்கள்ல!" என்று எழுந்து வந்து என்னிடம் கத்தினான்.

அன்று மதியம், பூண்டிச் சிற்பிகளுக்குச் சிலைக்கல் ஏற்றிப்போன லாரியோடு நடுப்பாலம் இறங்கியது. டிரைவர் பிழைக்கவில்லை.

மறுநாள் கற்களைப் புரட்டினார்கள். அடியில் பழைய எலும்புகள். பக்கத்தில்... டிரம் கோல்.

"எங்க அப்புச்சி சொல்வாருங்க," என்றாள் டெய்லர் வேலாத்தாள். "வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளம் ஒண்ணு இதே பாலத்துல தாளம் நிறுத்தாமப் போச்சாமுங்க. பாலம் ஆடி டிரம்காரர் வெள்ளத்துல விழுந்துட்டாராம். உடம்பே கெடைக்கலீங்க."

கீழே இரண்டாவது டிரம் அடித்ததென்று நான் சொன்னதை ஊரே நம்பவில்லை; நான்தான் தாளம் தப்பினேன் என்றார்கள். "பெருசு புளுகுது" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தவன் மாரிச்செல்வம்.

எலும்பை எடுத்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். சிரிக்கவில்லை. பேண்ட்டைத் தூக்கினான்.

இடது கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல் தடம்.

"நீங்க சொன்னது நெசம் பெருசு. நான் தடுக்கி விழல. கீழருந்து புடிச்சு நிறுத்துனாங்க."

"யாரு?"

"தெரியல... காஞ்ச ஆறு அது. கை மட்டும் ஈரமா இருந்துச்சு."