நொண்டியதை மறைத்த நாலு நாள்

வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில்தான் ஒரு பசு நொண்டத் தொடங்கியது. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே ஒரு பால் பண்ணையில் எனக்கு வேலை. கன்றுத்தாச்சிப் பசுக்கள் நிற்கும் வைக்கோல் கொட்டில் என் பொறுப்பு. முதலாளி அந்தப் பக்கம் வருவது குறைவு.

அந்தப் பசு கன்று போட இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. அன்று காலை போனபோது அது வலது பின்னங்காலை நிலத்தில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றது. நான் முதலில் காலைப் பார்க்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேன். பிறகு பசுவை மெல்ல மூலைக்குத் தள்ளிக்கொண்டுபோய், மற்றவற்றுக்குப் பின்னால் மறைத்துவிட்டேன்.

முந்தின வருடம் ஒரு பசு கால் முறிந்து விழுந்தபோது முதலாளி அன்றைக்கே அதைச் சுட்டுவிட்டார். நொண்டினால் வெடிதான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

சுளுக்கு என்று நினைத்து உப்புப் போட்ட வெந்நீரில் ஒத்தடம் கொடுத்தேன். வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுபோய்க் குழைத்துப் பூசி, பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். மனைவி ஏசினாள்.

"இஞ்சருங்கோ, முதலாளியிட்டச் சொல்லுங்கோ. வாயில்லாச் சீவன்."

"சொன்னா வெடி வைச்சுப்போடுவான். நீ பேசாமல் இரு."

வீட்டில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி ஓடியது. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாத எனக்கு, இந்த ஒரு உயிரையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது. கோப்பி குடிக்கும்போது கொட்டிலில் எல்லாம் எப்படி என்று முதலாளி கேட்பார். ஒரு குறையும் இல்லை என்பேன். நாலு நாள் முகம் மாறாமல் அப்படியே சொன்னேன்.

ஐந்தாம் நாள் பசு எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் முதலாளியிடம் ஓடினேன்.

மிருக வைத்தியர் வந்து என் கட்டை அவிழ்த்து, குளம்பின் அடியைக் கத்தியால் சீவினார். சீழ் பீறிட்டது. சுளுக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, குளம்புக்குள் புண். முதல் நாளே சொல்லியிருந்தால் புண்ணைச் சீவிவிட்டு, குளம்பின் மற்றப் பாதியில் ஒரு மரக்கட்டையை ஒட்டியிருப்பாராம். புண் நிலத்தில் படாமல் அது நடந்திருக்குமாம். இப்போது சீழ் மூட்டுக்குள் ஏறி உடம்பெல்லாம் பரவிவிட்டது, இனிப் பிழைக்காது என்றார். ஒரு துண்டு மரக்கட்டை! இதற்கா நான் நாலு நாள் பொய் சொன்னேன்?

முதலாளி கத்தவில்லை. ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டார். நான் யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது.

"எங்கட ஊரில நொண்டுறவனை ஆமிக்காரன் கொண்டுபோயிடுவான்."

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. என் அண்ணை சைக்கிளால் விழுந்து கால் வீங்கிக் கிடந்த கிழமை ஆமியின் சுற்றிவளைப்பு வந்தது. சண்டையில் காயப்பட்டவன் என்று பிடித்துவிடுவார்கள் என்று அம்மா அவரை விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, வீட்டில் ஆம்பிளைகள் இல்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னா. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது நடந்து இருபது வருடம். டென்மார்க்கில், ஒரு நல்ல மனுசனுக்கு முன்னால், அதையே செய்திருக்கிறேன். என்ன விசர் வேலை!

முதலாளி வைத்தியரிடம் தலையசைத்தார். வயிற்றைக் கீறிக் கன்றை எடுத்தார்கள். அது மூச்சு விட்டது. பசுவின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். சுட்டார்கள்.

வீட்டுக்குப் போனேன். சண்டை முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவி நிலத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டுக்கு எப்படி என்று கேட்டாள்.

"கண்டுக்குட்டி போட்டிட்டுது," என்றேன். "ரெண்டும் சுகம்."