நாற்பத்தேழு வினாடி

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். சோதனைக்கு வந்த அதிகாரி ஒருமுறை என்னிடமே சொன்னார்: "கரண்ட் போனா பத்து செகண்டுக்குள்ள இது ஓடணும். அது தானா ஓடுறதுக்கு, சாவி எப்பவும் 'ஆட்டோ'வுலயே இருக்கணும்." தலையாட்டினேன்.

அந்த வருடம் ஆயுத பூசையன்று மத்தியானம் மெஷினுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, ஷெட் வாசலில் வாழைக்கன்று கட்டினோம். மேனேஜர் சாவியை ஆஃபில் திருப்பினார்.

"அண்ணாச்சி, மாடியில வென்டிலேட்டர் ஓடுது..." என்று இழுத்தேன்.

"ஏலே, டாக்டரே ஸ்டெதாஸ்கோப்ப சாமிகிட்ட வச்சுட்டாரு. ஒன் மெஷினுக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு? காலையில மறுபூசை முடியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பம்ப் ரூமுக்குப் போய்விட்டேன். எனக்குப் பேச வராது.

வென்டிலேட்டரில் இருந்தவர் எப்போதும்வென்றான் ஊர்க்காரர், விவசாயம் பார்க்கும் சம்சாரி. உளுந்து விதைக்கப் போன இடத்தில் பாம்பு கடித்திருந்தது. அவர் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து, பூசைப் பொரியை மடியில் வைத்துக்கொண்டு, தின்னாமல் இருந்தார்.

மூன்று மணிக்குக் குருமலைப் பக்கம் வானம் கறுத்தது. காற்றே இல்லை. நான் பம்ப் ரூமில் இருந்தேன். ஒரே இடி. மின்விசிறிகள் மெல்ல நின்றன. பழக்கத்தில் மெஷின் உறுமுவதற்காகக் காத்து நின்றேன். உறுமவில்லை. பிறகுதான் ஓடினேன்.

வாசலில் வாழைக்கன்று மறித்தது. மாலை நார் சாவியைச் சுற்றி இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்தேன். மேலேயிருந்து நர்ஸ் கத்தியது கேட்டது: "அண்ணாச்சி, சீக்கிரம் போடுங்க! வென்டிலேட்டர் பேட்டரியும் நின்னுட்டு. கையால காத்து அமுக்குதேன்!"

மெஷின் ஓடியது. நாற்பத்தேழு வினாடி என்று சுவர்க் கடிகாரம் பார்த்துச் சொன்னது அந்த நர்ஸ்தான்.

சாயங்காலம் சம்சாரியைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வண்டியில் ஏறும்போது அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஓடியாந்து போட்டீயளாமே. நல்லா இருப்பீய."

பிறகு மேனேஜர், மெஷின் ஓட எத்தனை வினாடி ஆனது என்று எழுதும் பதிவு நோட்டை நீட்டினார். "பத்துன்னு எழுது." எழுதினேன்.

அந்தச் சம்சாரி பிழைத்தாரா என்று இதுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. பஸ் எப்போதும்வென்றானில் நிற்கும்போது குனிந்துகொள்வேன். இந்த வருடமும் சாவியை ஆஃபில்தான் வைத்தார்கள். அன்று கரண்ட் போகவில்லை, அவ்வளவுதான்.

நோட்டில் பத்து என்று இருப்பது என் கையெழுத்து. அது பொய். நாற்பத்தேழு.

ஐப்பசி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.