மார்க்கர் என்று கூப்பிட்டால் எது வரும்?

எனக்குச் சந்தேக புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். வேலம்பாளையத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அந்தப் புத்திதான் என்னைக் காப்பாற்றியது. அதுவும் பாதிதான்.

கணினி அறையில் நான் ஒருத்திதான். உடல், கை, கழுத்து என்று சட்டையின் துண்டுகளைத் துணியில் எப்படி அடுக்கி வெட்டுவது என்று நீளத் தாளில் அச்சடித்துக் கொடுப்பேன். அந்தத் தாளுக்கு மார்க்கர் என்று பெயர். அதைப் போடும் நிரலுக்கும் கணினியில் அதே பெயர்தான். துவைத்தால் துணி சுருங்கும் அல்லவா, அதற்கு விட வேண்டிய அளவைத் துணிக்குத் துணி பார்த்து நான்தான் அந்த நிரலில் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் துவைத்து வந்த சாம்பிள் சட்டைகளைக் கட்டிங் மாஸ்டர் என் மேசையில் கொண்டுவந்து போட்டார். குழந்தை போட்டால் தொப்புள் தெரியும். அத்தனை குட்டை. பின்னாலேயே முதலாளி வந்தார்.

“என்னங்க அம்மிணி, கவனம் எங்கீங்க இருக்குது? ஆர்டர் குடுத்த பார்ட்டிக்கு நான் என்னங்க பதில் சொல்றது?”

இப்படி மரியாதையாகத் திட்டினால்தான் கூடுதலாக வலிக்கும். “நான் ஒண்ணும் மாத்தலீங்க” என்றேன். அவர் நம்பவில்லை. இந்த மாதத்தோடு என்னை அனுப்பிவிடலாம் என்று மாஸ்டரிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

என் சந்தேகமெல்லாம் முந்தின வாரம் வந்துபோன மென்பொருள் விற்பனைக்காரர் மேல்தான். ஆளே இல்லாமல் மார்க்கர் போடலாம் என்று முதலாளிக்கு ஆசை காட்டியவர். நான் சாப்பிடப் போன நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ ஏற்றிவிட்டு, “சும்மா டெமோதான் மேடம்” என்று இளித்தார். சும்மாவாம்!

திரையில் நான் அழுத்தும் பொத்தான் மாறவில்லை. ஆனால் அது பின்னால் போய் ‘மார்க்கர்’ என்று பெயர் சொல்லித்தான் நிரலைக் கூப்பிடும். இந்தப் பெயர் இப்போது யாருடையது என்று, கணினியை இயக்கும் லினக்ஸைக் கேட்டேன். புது மென்பொருளுடையது என்றது. அடப்பாவி! அவர்கள் நிரலுக்கும் அதே பெயர். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது; இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று கணினி தடுத்திருக்கும். மனுஷன் வம்படியாக ஏற்றி என்னுடையதை அழித்திருக்கிறார். புதியதில் சுருக்கத்துக்கு அளவே விடவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே நகல் எடுத்து வைத்திருந்த பழையதை வேறு பெயரில் மறுபடி ஏற்றி, இரண்டிலும் ஒவ்வொரு மார்க்கர் போட்டேன். மாஸ்டர் டேப் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மிணி மேல தப்பில்லீங்க” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“தப்பா நெனச்சுட்டனுங்க” என்றார் முதலாளி.

இனி இரண்டும் தனித்தனிப் பெயரில் இருக்கும், மார்க்கர் என்று கூப்பிட்டால் எது வர வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம் என்றேன். என்னுடையதைத்தான் சொல்வார் என்று கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தேன்.

“புதுசே வரட்டுங்க” என்றார். “காசு குடுத்தாச்சுங்களே.”

அப்படியானால் டெமோ இல்லை. போன வாரமே வாங்கிவிட்டார். சந்தேகப்பட வேண்டிய ஆளை விட்டுவிட்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் சொன்னபடியே மாற்றி வைத்தேன்.

கதவு வரை போனவர் திரும்பினார். “ஏனுங்க அம்மிணி, அந்தச் சுருக்கத்துக்கு விடுற அளவெல்லாம் புதுசுலயும் நீங்களே போட்டுக் குடுத்துருவீங்கல்ல?”

“நான் இங்க இருந்தாப் போடறனுங்க” என்றேன்.