உம்மாவை வெளியேற்றிய கடிதம்

நதீராவுக்குக் கலியாணம் பேசிய நாள் வரைக்கும் மைமூனாவுக்குச் சொந்தமாக ஒரு கல்வீடு இருந்தது. கல்முனைக்குடிக்குத் தெற்கே கடலோரமாகக் கிடந்த அந்த ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். புருஷன் மௌத்தான பிறகு மா இடித்து விற்றுக் காப்பாற்றிய வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இளையவள் சபியாவோடு அதே வளவின் பின்புறத்தில் ஓலைக்குடில் போட்டுக்கொண்டாள். எல்லா உம்மாமாரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். அதில் மனக்குறை ஏதும் இருக்கவில்லை.

எழுபத்தெட்டு நவம்பரில் அடித்த சூறாவளி குடிலை இருந்த இடம் தெரியாமல் கொண்டுபோனது. கல்வீட்டின் கூரையிலும் பாதிக்கு மேல் போயிற்று. நதீரா, மருமகன், மூன்று பிள்ளைகள், மைமூனா, சபியா என்று ஏழு பேரும் மிஞ்சிய ஒரே அறைக்குள் ஒடுங்கினார்கள். மருமகன் முகம் கோணாதவர்தான். ஆனாலும் அவர் குசினி வாசலில் சாக்கை விரித்துப் படுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மைமூனாவுக்குச் சோறு இறங்காது.

அடுத்த வருஷம் கிராமசபை இருபது வீடுகள் கட்டத் தொடங்கியது. வீடிழந்த குடும்பங்களோ இருநூறுக்கு மேல். சேர்மன் கலந்தர் கெட்டவரல்ல. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கல்வீடு நிற்கும் வளவில் பதிந்திருக்கும் யாருக்கும் வீடு கிடையாது என்பது சட்டம்.

"உங்கட பேர் மகள்ட வீட்டு நம்பரில இரிக்கி, ராத்தா. நீங்க வீடில்லாத ஆள் இல்லியே" என்றார் கலந்தர்.

"அது அவள்ட வீடு, சேர்மன். நான் எழுதிக் குடுத்திட்டன். எனக்கிட்ட இன்னொரு குமர் இரிக்கி. வீடில்லாம அவள யாரு முடிப்பாங்க?"

கலந்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் வீட்டிலும் இரண்டு குமர்கள் இருந்தார்கள்.

சபையின் கிளார்க் கனகசிங்கம்தான் அவளை விறாந்தைக்கு அழைத்து மெதுவாகச் சொன்னார். "ஒரு வழி இருக்கு, உம்மா. உங்கள வச்சிருக்க விருப்பமில்லையெண்டு மகள் கடிதம் தரவேணும். பிறகு நீங்க அங்க இருக்கவும் கூடாது. வந்து பாப்பாங்க."

நதீரா கொதித்துப் போனாள். "உம்மாவத் துரத்திட்டன் எண்டு என்ட கையால எழுதச் சொல்றீங்களா? ஊர் என்னத்தக் கதைக்கும்?"

"ஊரக் கதைக்க விடு, மகள். சபியாக்கு இருபத்திமூணு வயசு."

மூன்று நாள் நதீரா மறுத்தாள். நாலாம் நாள் காலையில் பிள்ளையின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நதீரா எழுதினாள். வாசிக்கத் தெரியாத மைமூனா அதைச் சபியாவிடம் கொடுத்தாள். "எனது தாயாரை என்னுடன் வைத்திருக்க எனக்கு" என்பது வரைக்கும் வாசித்த சபியா, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீடற்றவர்களைச் சபை பழைய மீன் சந்தைக் கட்டடத்தில் குடியமர்த்தியிருந்தது. சாக்கால் மறைத்த ஒரு மூலைக்கு மைமூனாவும் சபியாவும் போனார்கள். நிலத்தை எத்தனை தரம் கழுவியும் மீன் வாடை போகவில்லை. மா இடிக்க அங்கே இடமுமில்லை.

வீட்டை எழுதி எடுத்துக்கொண்டு உம்மாவைச் சந்தைக்கு அனுப்பினவள் என்று கிணற்றடியில் நதீராவின் பேர் நாறியது. மைமூனா வாய் திறக்கவில்லை. உண்மை வெளியே வந்தால் விண்ணப்பம் போய்விடும். கலியாண வீடுகளுக்குப் போவதை நதீரா நிறுத்தினாள். பிறகு சந்தைப் பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டாள்.

இருபது வீடுகளும் கொடுபட்டன. மைமூனாவின் பேர் முப்பத்தோராவதாக நின்றது. அடுத்த தொகுதியில் நிச்சயம் என்றார் கலந்தர். அது வருவதற்குள், எண்பத்தொன்றில், கிராமசபைகளையே கலைத்துவிட்டார்கள். கோப்புகள் அம்பாறைக்குப் போயின. கனகசிங்கத்துக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள்.

சபியாவைக் கேட்டு வந்தவர்கள் சாக்கு மறைப்பைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். எண்பத்துமூன்றில் அவள் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

"வீட்ட நானே கட்டுறன், உம்மா. நீங்க இனி விண்ணப்பத்தோட கந்தோர் கந்தோரா அலைய வேணாம்" என்றாள்.

மறு வருஷம் மைமூனாவின் பேருக்கே அரசாங்க வீடு ஒன்று வந்து, பூட்டும் திறப்பும் கையில் கிடைத்தன. வயலை நிரவிய மேட்டில் ஓர் அறையும் ஒரு விறாந்தையும். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திருப்பி எடுப்பார்கள் என்பது நிபந்தனை. செய்தி கேட்டு அன்றைக்கே நதீரா வந்தாள்.

"இப்ப சரிதானே, உம்மா. பூட்டிப்போட்டு நம்மட வீட்டுக்கு வாங்க."

"பூட்டினா எடுத்துருவாங்க, மகள். சபியா வரும் வரைக்கும் நான் இஞ்ச இரிக்க வேணும்."

வாசலில் இறங்கிய நதீரா திரும்பினாள். "அஞ்சு வருஷமா ஊரே என்ன நாறடிச்சிது. நீங்க ஒரு சொல்லுச் சொல்லல்லியே, உம்மா."



அடுத்த வெள்ளிக்கிழமை மைமூனா பழைய தெருவுக்குப் போனாள். கிணற்றடியில் நின்ற பெண்களிடம், கடிதம் எழுதச் சொன்னது தான்தான், மகள் மீது ஒரு குற்றமுமில்லை என்று முதலிலிருந்து சொன்னாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருத்தி அவள் தோளைத் தடவினாள்.

"பெத்த மனசு அப்படித்தான் மறைக்கும், ராத்தா. எங்களுக்குத் தெரியாதா?"

மைமூனா மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.