கல்லிடுக்கில் வைக்காத சீட்டு

சேலத்து வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்தவர்களுக்குத்தான் கெபியின் அருமை தெரியும். கன்னியர் மடத்துத் தோட்டத்தின் கோடியில், பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்த கருங்கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டியிருந்தார்கள். உள்ளே நீலக் கச்சை கட்டிய மாதா. மேலே இருந்த தொட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து கல்லெல்லாம் பாசி பிடித்திருக்கும். முழந்தாளிட்டால் முழங்கால் குளிரும், வந்தவர்கள் மனமும் கொஞ்சம் அடங்கும். என் மனம் மட்டும் அடங்காது. நான் போனது மாதாவைப் பார்க்க அல்ல, அக்காவைப் பார்க்க.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கா அந்த மடத்தில் சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்குத் தலை வாரிவிட்டது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றியது எல்லாம் அவள்தான். ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டாள். கன்னியராக வார்த்தைப்பாடு கொடுக்கும் வரை வீட்டுக்கு வரக் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம், கெபிக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். அதுதான் சட்டம்.

அம்மாவும் நானும் ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறி, இறங்கி இரண்டு மைல் நடப்போம். அம்மா மடியில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு. அது அப்படியே பெரிய மதரிடம் போகும். மடம் முழுக்கப் பங்கு வைத்தால் அக்காவுக்கு ஒன்று கிடைத்தாலே அதிகம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவோ, "புள்ள ஒழுங்கா இருக்குதுங்களா மதர்?" என்று பவ்யமாகக் கேட்பாள். அக்கா தலைகுனிந்து சிரிப்பாள். அது எங்கள் வீட்டில் அவள் சிரிக்கிற சிரிப்பே அல்ல.

கெபிக்கு வருகிறவர்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கல்லிடுக்கில் செருகுவார்கள். பூசைக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களும் யாரையாவது பிடித்து எழுதி வாங்கி வருவார்கள். பிள்ளை வேண்டும், கிணற்றில் தண்ணீர் வேண்டும், மாட்டுக்குச் சீக்குத் தீர வேண்டும். நானும் எழுதினேன். "மாதாவே, அக்காவுக்கு இந்த மடம் பிடிக்காமல் போகட்டும். வீட்டுக்கு அனுப்பிவிடு." எந்த வீடு என்று குழம்பிவிடக் கூடாதே என்று ஊர்ப்பெயரையும் கீழே போட்டேன். மாதம் தவறாமல் அதே வரிதான்.

எட்டாவது மாதம், அம்மா பெரிய மதரோடு பேசப் போனதும், அக்கா என் கையைப் பிடித்துக் கெபியின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"சனிக்கெழமையானா இதைக் கழுவறது என் வேலை. சீட்டையெல்லாம் படிக்காம எடுத்து எரிச்சுப்போடோணும்," என்றாள்.

நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன்.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா சாமி? நாந்தான எழுதக் கத்துக் குடுத்தேன். மத்தவங்க சீட்டெல்லாம் எரிச்சுட்டேன். உன்னுது ஒண்ணைக்கூட எரிக்க முடியல."

செபப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். ஏழு சீட்டும் உள்ளே இருந்தன. திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள்.

"எனக்கும் ராவும் பகலும் ஊட்டு நெனப்புத்தான். ஆனா நானா ஆசப்பட்டு வந்தது இது. இனி எழுதாத கண்ணு. இன்னொண்ணு பார்த்தேன்னா பொட்டியத் தூக்கிட்டு வந்துருவேன்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு சீட்டு போதும். அன்று இரவே எழுதி, அடுத்த மாதத்து ஞாயிறு பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். மாதா முன்னால் முழந்தாளிட்டுச் சீட்டைக் கையில் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால், பெஞ்சில் அம்மா பேசிக்கொண்டே இருக்க, அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் கல்லைத் தொட்டால் போதும், அவள் எழுந்து வந்துவிடுவாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. சீட்டைக் கசக்கி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன்.

அக்கா வார்த்தைப்பாடு கொடுத்தாள். வடக்கே எங்கோ ஒரு மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவாள், இரண்டு நாள் இருப்பாள், போய்விடுவாள். நான் செய்தது சரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவளும் அதைத்தான் சொன்னாள். ஆனாலும் எந்த ஊர்க் கெபியில் போய் முழந்தாளிட்டாலும் என் கை இன்றும் கல்லிடுக்கை நோக்கித்தான் போகிறது.

மாதாவிடம் ஏழு தடவை கேட்டேன். அக்காவிடம் ஒரு தடவைகூட, வந்துவிடு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை.