புளி போட்டுத் தேய்த்த அம்மன்

1976 ஏப்ரலிலிருந்து ஜூன் முடிய, தயாளன் கையால் தூக்கி அளந்த சாமி சிலைகள் இருநூற்றுப் பதினொன்று. அவர் கும்பிட்டது ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்பவர். மற்ற ஆறு நாளும் பழம்பொருள் பதிவு அலுவலகத்தில் கிளார்க்.

புதுச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை வீட்டில் இருந்தால் அரசாங்கத்திடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவான சிலை கப்பல் ஏறாது. ஜனங்களோ, பதிவு என்றால் பறிமுதல் என்று பயந்து, சாமியை அரிசிப் பானைக்குள் ஒளித்தார்கள். தயாளன் சைக்கிளில் வீடு வீடாகப் போய், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்க சாமி உங்க வீட்லதாம்மா இருக்கும். எங்களுக்கு போட்டோவும் அளவும் போதும்" என்பார். சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டையே கட்டிப்போயிற்று.

"வேதக்காரருக்கு எங்க சாமி மேல இன்னா சார் அக்கறை?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"சம்பளம் குடுக்குறாங்களே!"

அது பாதி உண்மைதான். கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் எந்தச் சிலையையும் தூக்குவார். அதற்கு முன், "தொடலாமாம்மா?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் முகாம். நல்ல கூட்டம். செம்பாக்கத்திலிருந்து லோகநாயகி வந்தாள், துண்டில் சுற்றிய அம்மனை இடுப்பில் வைத்துக்கொண்டு. பின்னாலேயே அவள் கொழுந்தன் அரிகிருஷ்ணன். அவள் கணவருக்கு வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை. கொழுந்தனுக்குக் கோவிலம்பாக்கத்தில் மனை வாங்க ஆசை. சிலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவனிடம் அம்மனுக்கு விலையும் பேசிவிட்டான். பதிவாகிவிட்டால் அந்த ஆள் தொடமாட்டான் என்றுதான் லோகநாயகி முந்திக்கொண்டு வந்திருந்தாள்.

பதிவு அதிகாரி ராஜகோபாலன் துண்டைப் பிரித்தார். அம்மன் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தாள்.

"என்னம்மா இது? போன மாசம் வார்த்ததா?"

"ஐயோ, இல்ல சார்! எங்க மாமனாரோட தாத்தா காலத்துக்கும் முந்தி. புளியும் செங்கத்தூளும் போட்டு நேத்துதான் தேய்ச்சேன். சர்க்கார் முன்னாடி எண்ணெய்ப் பிசுக்கோட எப்படி சார் கொண்டாறது?"

ராஜகோபாலன் கெட்டவர் அல்ல. வாசல் வரை வரிசை நின்றது. "பழமைக்கு அடையாளமே இல்லையேம்மா. பழம்பொருள் அல்லன்னு எழுதித் தரேன்" என்று பேனாவைத் திறந்தார்.

அரிகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியா அண்ணி, சர்க்காரே வோணாங்குது! சார், அதை சீல் போட்டே குடுத்துடுங்க."

தயாளனுக்குச் சுருக்கென்றது. இந்தக் காகிதம் கையில் இருந்தால் சிலையை ஒளித்துக் கடத்தவே வேண்டாம். புது கைவினைப் பொருள் என்று காட்டி ராஜபாட்டையில் அனுப்பிவிடலாம்.

"சார், ஒரே நிமிஷம்" என்றவர், லோகநாயகி பக்கம் திரும்பினார். "தொடலாமாம்மா? கவுத்துப் பாக்கணும்."

"அம்மனைக் கவுக்கறதா?"

"அடியிலயும் தேய்ச்சீங்களா?"

"சாமியைத் தலைகீழா வச்சு யாராவது தேய்ப்பாங்களா சார்?"

"அதான்மா கேட்டேன்."

அவள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். "நான் பாக்கல. நீங்க சீக்கிரம் பாருங்க."

தயாளன் அம்மனைத் தலைகீழாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பீடத்தின் குடைவில் வார்ப்புக் காலத்துக் கரிமண் கல்லாய் இறுகிக் கிடந்தது. சுற்றிலும் தலைமுறை தலைமுறையாய் ஏறிய பச்சைக் களிம்பு. புளி எட்டாத இடம். ராஜகோபாலன் எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"நிபுணர் பாக்கட்டும். அதுவரைக்கும் சிலை உங்க வீட்டைவிட்டு நகரக் கூடாது. புரிஞ்சுதா தம்பி?"

"பேஜாராப் போச்சு" என்று முனகிக்கொண்டே அரிகிருஷ்ணன் வெளியே நடந்தான். லோகநாயகி முந்தானையை விலக்கினாள். "நிமித்திட்டீங்களா?"

"நிமித்தியாச்சும்மா."

அடுத்த புதன்கிழமை நிபுணர் செம்பாக்கம் போய்ப் பார்த்து, முந்நூறு வருஷத்துக்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்தார். ஆகஸ்டில் பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்தது. விலை பேசிய ஆள் அதன்பிறகு அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. தயாளன் பல்லாவரம் முகாமுக்குப் போனார். முதல் நாளே பதினேழு சிலைகள் வந்தன, அவற்றில் பதினொன்று தேய்த்தவை.